போதிய ஆதாரம் இல்லை

நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்குப்
போதிய ஆதாரம் இல்லை
என்று ஒரு தாளை வைத்து
பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டார்கள்.
கையெழுத்துகூடக் கிடையாது.

சென்னையில் கைரேகை எடுத்த அன்றே
எனக்குச் சந்தேகம்.
முப்பத்தோரு வருசம் கூட்டுறவு வங்கிக் கவுண்டரில்
ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டு
அடுத்தவர் பணம் எண்ணிய விரல்.
கண்ணாடியில் வைத்தால்
உரித்த நுங்கு மாதிரி தெரிகிறது,
கோடு இல்லை.
நாலு தரம் துடைத்துவிட்டு
"அழுத்தி வைங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.
இதற்குமேல் எப்படி அழுத்த?

பாலை நிறுத்தியாச்சு. பேப்பரை நிறுத்தியாச்சு.
செடிக்குத் தண்ணீர் ஊற்ற
எதிர்வீட்டுக் கோமதிநாயகத்திடம் சாவி கொடுத்தாச்சு.
பதினெட்டு நாள், ஏழு நாடு, எல்லாம் காரிலேயே,
கடைசியில் லிஸ்பனில் கப்பலேறி அட்லாண்டிக் என்று
மகாராஜநகர் முழுக்கச் சொல்லியாச்சு.
"சவத்த விடுட்டி பகவதி, பெட்டியக் கட்டு" என்றார் இவர்.

விடியுமுன் கிளம்பினோம்.
விமானத்துக்குப் போகிறவர்கள்போலத் தெருமுனையில் திரும்பி,
கண்மறைந்ததும் தெற்கே வளைத்தார்.

நாற்பதைத் தாண்டாத கால் அவருக்கு.
டிராக்டர் முந்தியது.
கல்யாண வேன் முந்தியது.
மூன்றடைப்பில் ஒரு நாய் கொஞ்ச தூரம்
கூடவே வந்து, அலுத்து, நின்றுகொண்டது.
அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.
நாங்குநேரிக் குளத்தங்கரையில்
வண்டியை ஓரங்கட்டி ஒரு மணி நேரம்
நாரைகளைப் பார்த்தார், கணக்குக் கேட்கப்போகிறவர்போல.

நான் மடியில் ஏஜென்ட் கொடுத்த தாளை விரித்து வாசிப்பேன்.
'நான்காம் நாள்: காலைச் சிற்றுண்டிக்குப் பின் ஆல்ப்ஸ்.'
மகேந்திரகிரி மேகத்துக்குள் இருந்தது.
சிற்றுண்டி வள்ளியூரில், இரண்டு பூரி,
கிழங்கில் உப்பு கூட.
'ஆறாம் நாள்: காற்றாலைகளின் நாடு.'
பணகுடி தாண்டியதும் சிரித்துவிட்டேன்.
எத்தனை! வெள்ளை வெள்ளையாய்,
ஒன்று சுற்ற ஒன்று சும்மா நிற்க,
அடியில் ஆடுகள், நிழல் வந்துவந்து வெட்டுவதைச்
சட்டைசெய்யாமல்.
வாங்கி வைத்த ஸ்வெட்டரை அங்கேதான் போட்டார்.
வேர்த்து ஊற்றியது. கழற்றவில்லை.

கோமதிநாயகத்தின் செய்தி: குளிர் எப்படி?
காற்று பலம், என்று அனுப்பினேன்.
பொய்யில்லை.

ராதாபுரம், திசையன்விளை. லாட்ஜுகள்.
ஒன்றில் விசிறி, ஒன்றில் கொசு,
ஒன்றில் இரவெல்லாம் பக்கத்து அறையில்
பெண் பார்த்துவிட்டு வந்தவர்களின் சண்டை.
செம்மண் தேரி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டபோது
பனையேறி ஒருவர் வந்து தள்ளினார்.
எங்கே போறீய, என்றார்.
கப்பலுக்கு, என்றார் இவர்.
அவர் தலையாட்டினார். உவரிக்கு அதுதானே வழி.

கரையில் கப்பல் நின்றது.
கப்பல் வடிவில் கட்டிய கோயில்.
முன்முனை உயர்ந்து, கடலைப் பார்த்து,
புறப்படாமல்.
நாங்கள் இரண்டு பேரும் பெட்டியோடு
கொஞ்சநேரம் பேசவில்லை.

மிக்கேல் ஐந்நூறு கேட்டார், முந்நூறுக்கு இறங்கினார்.
வள்ளம் அலையில் ஏறி விழுந்தது.
இவர் இரண்டாம் அலையிலேயே
பூரியை அட்லாண்டிக்கில் சேர்த்துவிட்டார்.
என்ஜினை நிறுத்தியதும் ஒரே தாலாட்டு.
ஊர் கோடாகிவிட்டது.
வள்ளம் தாழ்ந்தபோதெல்லாம்
அந்தக் காங்கிரீட் கப்பல் எழுந்தது,
எழுந்தபோதெல்லாம் தாழ்ந்தது.
நாங்கள் நிற்க,
அது எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரமாக உப்புத் தண்ணீரில்
கையை விட்டிருந்தேன்.
எடுத்துப் பார்த்தால் பெருவிரல் நுனியில்
சுருக்கம் சுருக்கமாய்,
ஆழமாய், எண்ணக்கூடிய அளவில் கோடுகள்.

"ஏங்க, இங்க பாருங்க" என்றேன்.
அவர் ஸ்வெட்டர் கையில் வாயைத் துடைத்துக்கொண்டு
மிக்கேலைப் பார்த்தார்.
"திரும்பும்போது
கொஞ்சம் பைய விடும்வே."